சரக்கு ஏற்றாத ஹெர்குலிஸ்: ஈசி-130 வகைகள் எந்த வேலைக்குத் தேறும்?

1954 ஆகஸ்ட் 23-ல் முதன்முதலாகப் பறந்த சி-130 ஹெர்குலிஸ், மண் ஓடுதளத்தில் ஆளையும் சரக்கையும் இறக்கிவிட்டுத் திரும்புவதற்கென்று லாக்ஹீட் நிறுவனம் செய்த விமானம். அதன் சரக்கறைக்குள் ரேடியோக்களையும் எதிரி ரேடியோவை முடக்கும் ஜாமர்களையும் அடுக்கி, பெயருக்கு முன்னால் ஒரு ‘ஈ’ சேர்த்து, அமெரிக்கப் படைகள் 1960-களிலிருந்து அதனிடம் வேறு வேலையும் வாங்கிவந்திருக்கின்றன. எதிரியின் ரேடியோவை அடைப்பது, போர்க்களத்துக்கு மேலே சுற்றியபடி கட்டளை இடுவது, கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்புவது, எதிரி நாட்டு மக்களுக்கு வானொலி நடத்துவது என்று நான்கு வேலை, உடல் ஒன்று.

நான்கிலும் அது ஒரே அளவில் தேறவில்லை. இடம், மின்சாரம், நின்று பறக்கும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் கேட்கும் வேலையில் ஹெர்குலிஸ் முதல் வரிசை. உயரமும் வேகமும் சேர்ந்து தேவைப்படும் வேலையில், அது வேறு வழி இல்லாத காலத்துத் தேர்வு. கீழே வருவதெல்லாம் இந்தக் கணக்கின் விவரம்தான்.

முதலில் உடல்

சி-130எச் வகையின் சரக்கறை சுமார் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். உள்ளே காற்றழுத்தம் காக்கப்படுகிறது. தரை நேராக இருக்கிறது. பின்னால் முழு அகலத்துக்கும் திறக்கும் சாய்தளம் இருக்கிறது. கருவி அடுக்குகளைத் துண்டு துண்டாகக் கழற்றி ஜன்னல் வழியே நுழைக்க வேண்டியதில்லை. முழுதாகச் சக்கரத்தில் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தலாம். பயணிகள் ஜெட்டை மின்னணு விமானமாக மாற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். இறக்கை மேலே இருப்பதால் அதன் அடியில் பெரிய ஆன்டெனாப் பெட்டிகளைத் தொங்கவிட இடம் உண்டு. வயிற்றுப்பக்கம் அப்படி இல்லை. சரக்கு ஏற்ற வசதியாக உடல் தரையை ஒட்டி நிற்பதால், வயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்கள் சரளை ஓடுதளத்தில் முதலில் அடி வாங்கும். மண் தளத்தில் இறங்குவதுதான் இந்த விமானத்தின் புகழ். ‘ஈ’ வகைகளுக்கு அந்தப் புகழில் பெரிய பங்கில்லை.

மின்சாரம் அடுத்த விஷயம். வழக்கமான சி-130எச் விமானத்தில் எஞ்சினுக்கு ஒன்றாக நான்கு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 40 கேவிஏ (மின்திறன் அளவு, ஏறத்தாழ கிலோவாட்). மொத்தம் 160. சரக்கு விமானத்துக்கு இது தாராளம். நூற்றுக்கணக்கான கிலோவாட் கேட்கும் ஒலிபரப்பிக் கருவிக்கு இது போதாது. அதோடு, ஒரு ஜெனரேட்டர் போய்விட்டாலும் பறப்பதற்குத் தேவையான சுமையை மற்றவை தாங்க வேண்டும் என்பதால் 160 முழுவதையும் கருவிகளுக்குக் கொடுக்கவும் முடியாது. ஆகவே எந்த ‘ஈ’ வகையை மதிப்பிட்டாலும் முதல் கேள்வி, ஜெனரேட்டர் மாற்றப்பட்டிருக்கிறதா என்பது. இரண்டாவது கேள்வி, அந்த மின்சாரம் வெப்பமாக மாறிய பிறகு எங்கே போகிறது என்பது. ஆன்டெனா வழியே வெளியேறுவது போக மீதி அத்தனையும் அறைக்குள் சூடாகத்தான் வரும். பாலைவனத் தளத்தில், எஞ்சின் ஓடாதபோது, வெளியிலிருந்து குளிர்காற்று வண்டி இணைக்காமல் கன்சோல்களை இயக்கினால், புறப்படும் முன்பே கருவிகள் தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும்.

பலரும் கணக்கில் எடுக்காதது புரொப்பெல்லர். ஹெர்குலிஸ் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,020 சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்கிறது. வேகமாகப் போக வேண்டுமென்றால் இதழ்களின் கோணம்தான் மாறும். நொடிக்கு 17 சுற்று, நான்கு இதழ். ஆக உடலில் ஓயாமல் 68 ஹெர்ட்ஸ் அதிர்வு. கருவி அடுக்கின் அடியில் வைக்கும் ரப்பர் தாங்கிகளை இந்த எண்ணுக்குத் தள்ளித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் அதிர்வு தணியாது, பெருகும். இணைப்பான்கள் தளர்வதும், மின்பலகையில் ஈயப்பற்று விரிவதும் இங்கிருந்துதான். சுழலும் உலோக இதழ்கள் ஊடாகப் பார்க்கும் ஆன்டெனாவின் அலையிலும் இதே 68 ஹெர்ட்ஸ் ஏறிக்கொள்ளும். திசை கண்டுபிடிக்கும் ஆன்டெனாக்களை எஞ்சின்களுக்கு நேர் பக்கவாட்டில் வைக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். எட்டு இதழ் புரொப்பெல்லருக்கு மாறிய எச் வகையில் இது 136 ஹெர்ட்ஸ். ஆறு இதழ் கொண்ட ஜே வகையில் ஏறத்தாழ 102. ஒன்றுக்குச் செய்த கருவி அடுக்கை இன்னொன்றில் அப்படியே பூட்டினால் தாங்கிகளை மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும்.

காம்பஸ் கால்: ஈசி-130எச்

1981-ல் முதலில் பறந்து, 1983-ல் பணிக்குத் தயாரான விமானம். இருந்தவை 14, தளம் அரிசோனாவின் டேவிஸ்-மான்தன். வேலை, எதிரியின் கட்டளைத் தொடர்பை அறுப்பது. பிற்கால மேம்பாடுகள் முன்னெச்சரிக்கை ரேடார்களையும் இலக்கு தேடும் ரேடார்களையும் பட்டியலில் சேர்த்தன. பனாமா, வளைகுடா, பால்கன், ஆப்கானிஸ்தான், இராக் என்று வேலை ஓய்ந்ததே இல்லை.

ஆட்கள் 13 பேர். இரண்டு விமானிகள், ஒரு வழிகாட்டி, ஒரு பறப்புப் பொறியாளர் ஆகிய நால்வர் விமானத்தை ஓட்ட. மற்ற ஒன்பது பேர் பின்னால்: மின்னணுப் போர் அதிகாரிகள் இருவர், ஒரு மேற்பார்வையாளர், நான்கு அலசல் பணியாளர்கள், புதிய சிக்னல்களைத் தேடிப் பிடிக்க ஒருவர், பறக்கும்போதே கருவியைப் பழுது பார்க்க ஒருவர். மேற்பார்வையாளரும் அலசல் பணியாளர்களும் எதிரியின் மொழி தெரிந்தவர்கள். ஜாமர் விமானத்தில் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று கேட்பவர்கள், முடக்குவது என்றால் இரைச்சலைக் கொட்டுவது மட்டுமே என்று நினைக்கிறார்கள். எந்த ரேடியோ வலையில் படைத்தலைவன் பேசுகிறான், எந்த வலையில் சமையல்காரன் பேசுகிறான் என்று பிரிக்கத் தெரியாவிட்டால், இருக்கிற சக்தியைச் சமையலறை மீது வீணடிக்க நேரும்.

சக்தியை ஏன் இப்படி எண்ணிச் செலவழிக்க வேண்டும்? ஒரு சிறு கணக்கு. எதிரியின் இரண்டு ரேடியோக்கள் ஒன்றுக்கொன்று 10 கி.மீ. தொலைவில், ஜாமர் 200 கி.மீ. தொலைவில். தொலைவு 20 மடங்கு. திறந்த வெளியில் சிக்னல் தொலைவின் வர்க்கத்தில் தேய்வதால், ஜாமர் 400 மடங்கு பின்தங்கி ஆரம்பிக்கிறது. விமானத்தைக் காப்பாற்றுவது உயரம்தான். தரையில் இருக்கும் இரண்டு ரேடியோக்களுக்கு நடுவே மேடு, மரம், பூமியில் பட்டுத் திரும்பும் அலை என்று தடைகள் உண்டு. அங்கே சிக்னல் வர்க்கத்தைவிட வேகமாக, சில சமயம் நான்காம் அடுக்கில் தேய்கிறது. மேலிருந்து பார்க்கும் விமானத்துக்கு அந்தத் தடை இல்லை. மீதி இடைவெளியை ஆன்டெனாவின் குவிப்பால் நிரப்ப வேண்டும். இறக்கை அடியிலுள்ள மின்முறையில் திருப்பும் கற்றை ஆன்டெனாப் பெட்டிகள் இதற்காகத்தான். வால் அடியில் சட்டம் கட்டித் தொங்கும் கம்பி வரிசை தாழ்ந்த அலைவரிசைகளுக்கானது. அந்தக் கம்பி வரிசையைப் பார்த்தால் போதும், தூரத்திலிருந்தே இது காம்பஸ் கால் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு கணக்கு, பேசும்போதே அலைவரிசையை மாற்றிக்கொண்டே தாவும் ரேடியோக்கள். 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையான படை ரேடியோப் பட்டையில், 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2,320 வாய்க்கால்கள் (சேனல்கள்) இருக்கின்றன. எது என்று தெரியாமல் பட்டை முழுவதும் இரைச்சல் கொட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சக்தியில் 2,320-ல் ஒரு பங்கு. அதனால் தாவலைப் பின்தொடர்ந்து அடிக்கும் வேகமான கருவி வேண்டும். அதிலும் சிக்கல்: தன் ஜாமர் ஓடும்போது விமானத்தின் காது செவிடாகிவிடும். எதிரி அலைவரிசை மாற்றிவிட்டானா என்று பார்க்க, ஜாமரை மிகக் குறுகிய நேரம் நிறுத்தி, கேட்டு, மறுபடி தொடங்க வேண்டும். இந்த இடைவெளி நீண்டால் எதிரிக்குப் பேச வாய்ப்பு; குறைந்தால் காலி அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கும் அபாயம்.

புதியவர்கள் அடிக்கடி தவறும் ஒன்று: முடக்க வேண்டியது கேட்பவரை, பேசுபவரை அல்ல. ஜாமரின் கற்றை ஒலிபரப்பும் இடத்தைக் குறிவைத்தால் பயனில்லை. செய்தி போய்ச்சேரும் இடத்தின் ஆன்டெனாவில்தான் இரைச்சல் விழ வேண்டும். திசைகாட்டும் கருவியோ பேசுபவனைத்தான் காட்டும். கேட்பவன் எங்கே என்பதை, உரையாடலில் அவன் பதில் சொல்லும் தருணத்திலோ வேறு உளவுத் தகவலிலோதான் பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும், கெடுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். படை நடவடிக்கைக்கு முன் தடை அலைவரிசைப் பட்டியல் ஒன்று தயாராகும். அதில் மூன்று வகை. ஒருபோதும் தொடக்கூடாதவை: அபாய உதவி அலைவரிசை போன்றவை. காக்கப்பட்டவை: நம் படைகள் இப்போது பயன்படுத்துபவை. மூன்றாவது, நம் உளவுப் பிரிவு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் எதிரி அலைவரிசைகள். அவற்றை முடக்கினால் எதிரியும் பேச மாட்டான், நமக்கும் செய்தி வராது. மூன்றாவது வகையில்தான் சண்டை. உளவுப் பிரிவு எல்லாவற்றையும் பட்டியலில் போட்டுவிட்டால், ஜாமர் விமானத்துக்கு வானத்தில் வேலை இருக்காது. பட்டியல் ஒரு நாள் பழையதாக இருந்தால் நம் ஆட்களின் ரேடியோவே செத்துப்போகும். விமானத்தைக் குறைசொல்லும் பல புகார்களின் வேர் இந்தக் காகிதம்.

விமானத்தின் உண்மையான குறை வேறு. புறப்படும் அதிகபட்ச எடை 155,000 பவுண்டு, அதாவது சுமார் 70 டன். வெளியே தொங்கும் ஆன்டெனாக்களின் இழுவை. விளைவு, உயர வரம்பு 25,000 அடி, வேகம் மணிக்கு சுமார் 480 கி.மீ. அந்த உயரத்திலிருந்து ரேடியோ அடிவானம் ஏறத்தாழ 360 கி.மீ. 40,000 அடிக்கு ஏறினால் அதுவே 455 கி.மீ. நெடுந்தூர விமான எதிர்ப்பு ஏவுகணைகள் 400 கி.மீ. வரை எட்டுவதாகச் சொல்லப்படும் காலத்தில், இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் விமானத்தின் உயிர் இருக்கிறது. 1980-களில் இந்த மெதுவான கிழவன் எல்லைக்கு வெளியே நின்றே வேலை பார்க்க முடிந்தது. இனி முடியாது. எதிரிப் போர் விமானம் திரும்பி வந்தால் ஓடித் தப்பவும் முடியாது.

அதனால்தான் மாற்று, கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 வணிக ஜெட்டின் உடலில் அமைந்த ஈஏ-37பி. பத்து விமானங்கள் திட்டம். கருவிகளைப் பொருத்துவது எல்3ஹாரிஸ், மின்னணுப் பகுதி பிஏஇ சிஸ்டம்ஸ். பழைய விமானத்திலிருந்த கருவிகளில் பெரும்பகுதியை எடுத்துப் புதிய உடலில் வைப்பதுதான் முறை. 2020-லிருந்தே ஈசி-130எச் விமானங்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறத் தொடங்கின. இதில் ஹெர்குலிஸ் பக்கம் நின்று சொல்ல ஒன்று உண்டு: ஜெட்டின் உள்ளே நின்று நடமாடி, அடுக்கைத் திறந்து, பலகையை மாற்றும் தாராளம் இருக்காது. பறக்கும்போதே பழுது பார்க்கும் ஆள் காம்பஸ் காலில் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. ஆனாலும் இந்த வேலைக்கு இன்று புதிதாக ஹெர்குலிஸ் வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், அவர் விற்பனைக்கு வந்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

ஏபிசிசிசி: உள்ளே தள்ளிய கட்டளை அறை

ஈசி-130ஈ ஏபிசிசிசி, அதாவது பறக்கும் போர்க்களக் கட்டளை மையம், வியட்நாம் போரில் லாவோஸ் வானில் பெயர் வாங்கியது. பகலில் கிரிக்கெட், ஹில்ஸ்பரோ. இரவில் ஆலிகேட், மூன்பீம் என்ற அழைப்புப் பெயர்களில், கீழே தாக்கும் விமானங்களுக்கு இலக்கு பிரித்துக் கொடுத்தது. பிந்தைய வடிவில் யூஎஸ்சி-48 என்ற கூடு: 40 அடி நீளம், 20,000 பவுண்டு எடை, உள்ளே 15 கன்சோல்கள், 23 ரேடியோக்கள். சரக்கறைக்கு என்றே வெட்டி எடுத்த அளவு. தண்டவாளத்தில் வைத்துத் தள்ளிப் பூட்டலாம். குளிரூட்டத்துக்காக எஞ்சின்களுக்கு முன்னால் உடலின் இரு பக்கமும் காது போன்ற காற்று வாங்கிகள் முளைத்தன. பறக்கும்போதே எரிபொருள் வாங்கும் வசதியும் இருந்தது.

கூட்டைக் கழற்றலாம் என்பது வெறும் விளம்பர வாசகம் அல்ல. 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போனபோது, ஹெலிகாப்டர்களுக்கு எரிபொருள் கொண்டுபோனவை இந்த வகை ஈசி-130ஈ விமானங்களே. கூடு இருந்த இடத்தில் எரிபொருள் பைகள். பாலைவனத்தில் அவற்றில் ஒன்றின் மீது ஹெலிகாப்டர் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். அது புழுதியும் இருட்டும் செய்த விபத்து. விமான வகையின் குறை அல்ல.

குறை என்று பார்த்தால் இரண்டு. ஒன்று, ஏபிசிசிசிக்குச் சொந்த ரேடார் கிடையாது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, வரைந்து, முடிவெடுக்க வேண்டும். பிற்காலத்தில் ரேடார் சுமந்து வானைக் கண்காணிக்கும் அவாக்ஸ் விமானங்களிலிருந்து தரவு இணைப்பு வந்தாலும், கண் கடன் வாங்கியதுதான். இரண்டு, 23 ரேடியோக்களை ஒரே உடலில் வைத்ததால் வரும் தன்-குழப்பம். 250, 260 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஒலிபரப்பிகள் ஒரே சமயத்தில் இயங்கினால், துருப்பிடித்த ஒரு ஆணித்தலையே அவற்றைக் கலந்து 240-லும் 270-லும் போலி சிக்னல் உண்டாக்கும். அங்கே ஒரு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் தொலைந்தது. மருந்து மூன்று: மேலே காளான் ஆன்டெனா, வயிற்றில் வாள் ஆன்டெனா, இறக்கை முனையருகே சிற்றலைக்கான எச்எஃப் கம்பு என்று பிரித்து வைப்பது, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் குறுகிய வடிகட்டி, ஆன்டெனா அடித்தட்டின் மண்கம்பி இணைப்பைச் சுரண்டிச் சுத்தமாக வைப்பது. மூன்றாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலான மர்ம இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

2002-ல் இதை மூடினார்கள். தரைக் கட்டுப்பாட்டு மையங்களும் ரேடார் கொண்ட விமானங்களும் வேலையைப் பகிர்ந்துகொண்டுவிட்டன. நல்ல யோசனை, காலம் முடிந்தது.

டாகாமோ: கம்பியைத் தொங்கவிட்டுச் சுற்றும் வேலை

இந்த மதிப்பீட்டில் ஹெர்குலிஸுக்கு முழு மதிப்பெண் விழும் இடம் இது. அமெரிக்கக் கடற்படையின் ஈசி-130கியூ, அணு ஆயுத நீர்மூழ்கிகளுக்குக் கட்டளை சேர்க்கும் விமானம்; அந்த வேலையின் பெயர்தான் டாகாமோ. உப்பு நீர் சாதாரண ரேடியோவை விழுங்கிவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அலை மட்டும் 10, 20 மீட்டர் ஆழம் வரை இறங்கும். அந்த அலையின் நீளம் 15 கி.மீ. பாதி அலை ஆன்டெனா என்றாலே 7.5 கி.மீ. கம்பி. இதைத் தரையில் கட்டினால் எதிரியின் முதல் குண்டுக்கு இலக்கு. வானில் இழுத்துச் சென்றால் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

வேலை நடக்கும் விதம்: குறித்த உயரத்துக்கு ஏறி, நேராகப் பறந்தபடி, நுனியில் எடை கட்டிய நீண்ட கம்பியை உருளையிலிருந்து விடுவார்கள். பிறகு வேகத்தைக் குறைத்து, செங்குத்தாகச் சாய்ந்து, ஒரே ஆரத்தில் இடைவிடாமல் சுற்ற வேண்டும். சில சுற்றுகளில் கம்பியின் அடிப்பகுதி காற்றில் வேகமிழந்து வட்டத்தின் நடுவே கீழே இறங்கி, ஏறத்தாழ நேராகத் தொங்கும். கிடையாக இழுபடும் கம்பி பயனுள்ள அலையை அனுப்பாது. செங்குத்தாக இருக்கும் அளவுதான் பயன். இன்னொரு குட்டைக் கம்பி ஆன்டெனாவின் மறுபாதியாக நிற்கும். கம்பியின் நீளத்தையும் இணைப்புச் சுருளையும் அலைவரிசைக்குப் பொருத்திய பிறகே முழுச் சக்தி கொடுக்கலாம். ஒலிபரப்பியின் அளவு சுமார் 200 கிலோவாட். மேலே சொன்ன 160 கேவிஏ ஏன் போதாது என்பது இப்போது விளங்கும். இவ்வளவு செய்தும் போவது குரல் அல்ல. மெதுவாக ஊரும் எழுத்துச் செய்தி.

கெடும் இடங்கள் பல. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறினால் வட்டம் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் ஆகி, கம்பி மேலும் கீழுமாக ஊஞ்சலாடும். செங்குத்து அளவு ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்க, ஆன்டெனாவின் மின்தடை மாற, ஒலிபரப்பி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். விமானி சாய்வையும் வேகத்தையும் சுற்றின் எந்தப் பகுதியில் எவ்வளவு மாற்றுவது என்று கையால் சமன் செய்ய வேண்டும். நின்றுவிடும் வேகத்துக்கு, அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும் வேகத்துக்கு, மிக அருகில் பறந்துகொண்டு இதைச் செய்ய வேண்டும். காற்று மெலிந்த உயரத்தில் கம்பியின் உயர் மின்னழுத்தம் சுலபமாகப் பொறி கக்கும். ஒரு சிறு பிசிறு போதும். உருளையின் தடுப்பு பிடிக்காமல் போனால் கம்பி ஓடி அறுந்துவிடும். அதனால் அவசரத்தில் கம்பியை வெட்டிவிடும் கத்தி கட்டாயம்.

இந்த வேலைக்குப் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போபிராப் எஞ்சின் ஏன் ஒத்துப்போகிறது என்று இப்போது பார்க்கலாம். மெதுவாக, சாய்ந்து, அதிக எஞ்சின் சக்தியோடு, மணிக்கணக்கில். நேரான இறக்கையும் பெரிய புரொப்பெல்லரும் இதற்கென்றே பிறந்தவை. இந்தத் தாழ்ந்த அலை பூமிக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே வழுக்கிக்கொண்டு போவதால் ரேடியோ அடிவானம் என்ற தொல்லையே இல்லை. உயரம் கம்பி தொங்க வேண்டிய அளவுக்கு இருந்தால் போதும். எதிரி எல்லைக்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை, நடுக்கடலில் சுற்றலாம். காம்பஸ் காலைக் கொன்ற இரண்டு குறைகளும் இங்கே குறைகளே அல்ல.

கடற்படை இடையில் மனம் மாறியது. 1989-லிருந்து போயிங் 707 வழிவந்த ஈ-6 ஜெட்கள் 16 வந்து ஈசி-130கியூவின் இடத்தைப் பிடித்தன. வேகமாகப் பணியிடம் போய்ச் சேரும், நீண்ட நேரம் நிற்கும் என்பது வாதம். அந்த வாதம் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய ஜெட்டை நின்றுவிடும் வேகத்தை ஒட்டிச் சாய்த்துச் சுற்றவைப்பது உடலுக்கு இதமான வேலை அல்ல; 707-க்கு உதிரிபாகம் தேடுவதும் ஆண்டுக்கு ஆண்டு கடினம். 2024 டிசம்பரில், 350 கோடி டாலர் ஒப்பந்தத்தில் நார்த்ராப் கிரம்மனிடம் புதிய டாகாமோ விமானம் கேட்டார்கள்: ஈ-130ஜே. உடல் சி-130ஜே-30, அதே ஹெர்குலிஸ், 4.6 மீட்டர் நீளம் கூட.

பிரான்ஸும் இதே பாடத்தைத் தனியாகப் படித்திருக்கிறது. டிரான்சால் சி-160 சரக்கு விமானத்தில் இரண்டு வகை செய்தது: நீர்மூழ்கிச் செய்திக்கு அஸ்டார்டே நான்கு, மின்னணு உளவுக்கு கேப்ரியல் இரண்டு. கேப்ரியல் 2022-ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்குத் தேர்ந்தெடுத்தது ஃபால்கன் 8எக்ஸ் வணிக ஜெட். ரேடியோவைக் கேட்கவும் முடக்கவும் உயரமான ஜெட் என்ற முடிவுக்கு இரு நாடுகளும் வெவ்வேறு வழியில் வந்திருக்கின்றன. சீனாவோ அன்-12 வழிவந்த ஒய்-8, ஒய்-9 உடல்களில் இன்றும் மின்னணுப் போர் வகைகளைக் கட்டிவருகிறது. தன் கடற்கரையை ஒட்டிப் பறக்கும் வரை அதற்கு அது போதும்.

கமாண்டோ சோலோவும் மற்றவையும்

பென்சில்வேனியா தேசியக் காவல் விமானப்படையின் 193-ஆம் சிறப்புப் பிரிவு ஓட்டிய கமாண்டோ சோலோ, பறக்கும் வானொலி, தொலைக்காட்சி நிலையம். 1994-ல் ஹைட்டி, 2001-ல் ஆப்கானிஸ்தான், 2011-ல் லிபியா. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, படகேறி அமெரிக்கா வர முயலாதீர்கள் என்று ஹைட்டித் தூதரின் குரலை ஒலிபரப்பியது. பொறியியலில் குறை சொல்ல இடமில்லை: ஏஎம், எஃப்எம், சிற்றலை, தொலைக்காட்சி எல்லாமே ஒரே விமானத்தில், பின்னால் இழுபடும் ஒரு கம்பி, வயிற்றிலிருந்து எடை கட்டிய இன்னொரு கம்பி. சிக்கல் கேட்பவர் பக்கம். ஆப்கானிஸ்தானில் மேலிருந்து ரேடியோப் பெட்டிகளையும் போட வேண்டியிருந்தது. மக்கள் கைபேசிக்கு மாறிய பிறகு, விலை உயர்ந்த ஒலிபரப்பி யாருக்காகச் சுற்றுகிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கடைசி ஒலிபரப்பு 2022 செப்டம்பரில் ஒரு விமானக் கண்காட்சியில் நடந்தது.

கடலோரக் காவல் படையின் ஈசி-130வி, ஈ-2சி விமானத்தின் சுழல் தட்டு ரேடாரை முதுகில் சுமந்தது. போதைப்பொருள் விமானங்களைத் தேட ஒன்றே ஒன்று செய்தார்கள்; செலவு கட்டுப்படியாகாமல் 1993-ல் விமானப்படைக்குத் தள்ளிவிட்டார்கள். சீனியர் ஸ்கவுட் இதற்கு நேர்மாறு: சாதாரண சி-130-ல் உளவுக் கூண்டைத் தள்ளி, பாராசூட் கதவுகளுக்குப் பதில் ஆன்டெனாக் கதவுகளைப் பூட்டும் முறை. சிறிய விமானப்படைக்கு எந்த வழி என்று கேட்டால் இதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: கூண்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் எடை, சமநிலைக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்; மாற்றுக் கதவுகளின் காற்றழுத்த அடைப்பைச் சோதிக்காமல் உயரத்துக்கு ஏறக்கூடாது.

வயதான உடலில் பார்க்க வேண்டியவை

பழைய ஈசி-130 வாங்குகிறவர்களும் வைத்திருக்கிறவர்களும் பறந்த மணிநேரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. இரு இறக்கைகளையும் உடலோடு சேர்க்கும் நடு இறக்கைப் பெட்டியின் ஆயுளை அமெரிக்க விமானப்படை ‘சம அடிப்படை மணி’ என்ற கணக்கில் அளக்கிறது: பறந்த மணிநேரம், வேலையின் கடுமைக்கான பெருக்கல் எண்ணோடு. 38,000-ஐத் தாண்டினால் கட்டுப்பாட்டோடு பறக்கலாம். 45,000-ல் தரையில் நிறுத்த வேண்டும். பெட்டியில் விரிசல் கண்டு 2005-ல் சி-130ஈ விமானங்கள் பல நிறுத்தப்பட்டது இந்தக் கணக்கில்தான். கனத்த எடையோடு சாய்ந்து சுற்றும் விமானத்துக்கும், சரக்கு இறக்கிவிட்டு இலேசாகத் திரும்பும் விமானத்துக்கும் பெருக்கல் எண் ஒன்றல்ல.

புரொப்பெல்லர் அடுத்தது. 2022 செப்டம்பரில், பழைய 54எச்60 வகை புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் விரிசல் கண்டதால் 116 ஹெர்குலிஸ்கள் ஒரேயடியாக நிறுத்தப்பட்டன. காம்பஸ் கால்களும் அதில் மாட்டின. எட்டு இதழ் புரொப்பெல்லருக்கு மாறாத எச் வகை உடலை யாராவது காட்டினால், குடத்தின் தயாரிப்பு ஆண்டையும் சோதனைப் பதிவையும் பார்க்காமல் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஈ-130ஜே இந்த இரண்டு தலைவலியும் இல்லாமல் தொடங்குகிறது. எஞ்சினும் புரொப்பெல்லரும் புதிய தலைமுறை. அதில் கவனிக்க வேண்டியது கம்பி உருளையின் எடை வால்பக்கம் எவ்வளவு ஏறுகிறது, சாய்ந்து சுற்றும்போது ஜெனரேட்டர்களின் குளிரூட்டம் தாக்குப்பிடிக்கிறதா, 102 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஒலிபரப்பியின் உயர் மின்னழுத்த இணைப்புகள் எத்தனை மாதம் இறுக்கமாக நிற்கின்றன என்ற மூன்றும்.